டென்மார்க்கில் கோச்சியர் விட்ட ரயில்

"…நம்பாட்டிப் பரவாயில்லை தம்பி, தேத்தண்ணி ஆறுது, முதல்ல அதைக் குடியும்" என்று சொல்லித்தான் கோச்சியர் தன் எல்லாக் கதைகளையும் முடிப்பார். நாங்களும் நம்பாமல் குடிப்போம்.

மெல்பர்னின் தென்கிழக்கில் கோச்சியருடைய அனுமதி இல்லாமல் ஒரு ரயிலும் நகர்ந்தது கிடையாது. இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்வார். விடிந்தும் விடியாமலும் நோபல் பார்க் ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, டண்டினொங் போகிற வண்டி வந்ததும் இடம் வலம் பார்ப்பார். ஏறுகிறவர்கள் ஏறி முடிந்ததும் கையிலிருக்கும் குடையை உயர்த்துவார். கதவு மூடும். வண்டி புறப்படும். அவர் குடையை உயர்த்தாத நாளிலும் அது புறப்பட்டிருக்கும் என்பதை நிரூபிக்க வழியில்லை, ஏனென்றால் அவர் உயர்த்தாத நாளே இல்லை.

"அங்கிள், அந்த வண்டியிலேயே ஏறியிருக்கலாமே? எதுக்கு அடுத்த வண்டிக்கு நிக்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

என்னைப் பாவமாகப் பார்த்தார். "நானும் ஏறினா ஆர் தம்பி அதை விடுறது?"

யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் ரயிலைக் கோச்சி என்பார்கள். மரியாதைக்கு ஓர் 'அர்' சேர்த்தால் மனிதர் தயார். உண்மைப் பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எங்கள் ஆலைக்குப் புதிதாக வந்த ஆபீஸ் பெண் ஒருநாள் ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அது யார் என்று அவரும் எங்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

டண்டினொங்கில் மசாலாப் பொடி அடைக்கும் ஆலை அது. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். நான் மெயின்டனன்ஸ். ஊர் கரூர்ப் பக்கம், படிப்பு ஐ.டி.ஐ. என் கை பட்டால் ஓடாத மெஷினும் ஓடும் என்று இன்டர்வியூவில் சொல்லி வேலை வாங்கினேன். ஓடுகிற மெஷினும் நிற்கும் என்பது சேர்ந்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

கோச்சியர் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டினார் என்று சொல்வது அவரை அவமதிப்பது. நடத்தினார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நிமிடம் நிறுத்துவார். யாரும் ஏறப்போவதில்லை, இருந்தாலும் நிறுத்துவார். "விலத்துங்கோ, விலத்துங்கோ, கிரான்பர்ன் போற மல்லித்தூள் வருது!" என்று கத்திவிட்டு வாயாலேயே ஊதுவார். மிளகாய்த்தூள் என்றால் அது எக்ஸ்பிரஸ், நடுவில் நிற்காது.

தண்டவாள வேலை நடக்கும் சனி ஞாயிறுகளில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். மற்றவர்களுக்கு அது எரிச்சல், கோச்சியருக்குத் துக்கம். அந்த இரண்டு நாளும் வீட்டில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, சமைக்கக்கூடாது. "ஆர் செத்ததெண்டு நான் அயலட்டைக்குச் சொல்லுறது?" என்று அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அன்ரி, குசினிக்குள் நின்று கேட்பார். கத்தரிக்காய்க் குழம்பு கொதிக்கும்.

நான் பெரிய படிப்புப் படித்தவனில்லை. ஆனால் யாராவது ஒரு நல்ல சொல் சொன்னால் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். என் போனில் அவர் சொன்னவற்றை எழுதி வைத்திருக்கிறேன். 'பிந்தி வாறவனுக்கு ரெயின் வாலைத்தான் காட்டும்' என்பது நான் வேலைக்குத் தாமதமாக வந்த நாளில். 'ஸ்டேசனில நிக்கிறவனை எங்க போறாய் எண்டு கேளாத, ஆர் வருகினம் எண்டு கேள்' என்பது சும்மா ஒரு நாளில். இரண்டாவது எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. எழுதும்போது மட்டும் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

பத்து மணிக்குத் தேநீர் இடைவேளை. பிளாஸ்கில் வெறுந்தேத்தண்ணி கொண்டுவருவார், பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பதினொரு வருடமாகச் சீனி வருத்தம். நம் ஊரில் சுகர் என்போமே, அதுதான். வலது கையில் கப். இடது கை மட்டும் தொடையின்மேல், உள்ளங்கை மேலே பார்க்க, குழிந்து விரிந்து கிடக்கும்.

"என்ன அங்கிள், யாராவது சில்லறை போடுவாங்கன்னு பாக்கறீங்களா?" என்பேன். ஆலையே சிரிக்கும்.

"பழக்கம் தம்பி" என்று கையை மூடிக்கொள்வார். அடுத்த மடக்கு குடிக்கும்போது அந்தக் கை தானாகத் திறந்துகொள்ளும். நான் மறுபடி ஏதாவது சொல்வேன். வாரத்துக்கு ஐந்து நாள், நாலு வருடம் இந்த ஒரே ஜோக்கை வைத்து ஓட்டியிருக்கிறேன்.

இப்போது டென்மார்க் கதைக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவதற்கு முன்னால், வாலிபத்தில், கோச்சியர் டென்மார்க்கில் அகதியாக இருந்தவர். கடலோரத்தில் ஒரு சின்ன ஊரில் எட்டு மாதம் முகாமில் இருந்தார். பிறகு இங்கே இருந்த அக்கா ஸ்பான்சர் செய்து கூப்பிட்டுக்கொண்டார். இது வரைக்கும் எவருக்கும் சந்தேகமில்லை. இனி வருவதுதான் கதை.

முகாமில் குளிர். ஊரிலேயே சூடாக இருந்த இடம் ரயில்வே ஸ்டேஷன்தான். செங்கல்லால் கட்டிய பழைய ஸ்டேஷன், கூரைமேல் குட்டிக் கோபுரம், அதில் மணிக்கூடு என்கிற கடிகாரம். இவர் தினமும் போய் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருப்பார். அங்கே பெரிய மீசை வைத்த ஒரு ஸ்டேஷன் அதிகாரி. அவருக்கு இவர் பாஷை தெரியாது, இவருக்கு அவர் பாஷை தெரியாது. ஆனால் தினமும் நாலு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்கள். இவர் அந்த ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் அந்த மீசைக்காரர் பச்சை விளக்கை இவர் கையில் கொடுத்து, தன் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்தார். இவர் விளக்கை உயர்த்தினார். வண்டி புறப்பட்டது.

"என்ர கையால ஒரு ரெயினை விட்டனான் தம்பி. நாலு பெட்டி. கடைசிப் பெட்டியில ஒரு மனுசி எனக்குக் கை காட்டினவ."

நோபல் பார்க்கில் கோச்சியர் வீட்டுக் கராஜில் கார் கிடையாது, கதிரை என்று அவர்கள் சொல்லும் நாற்காலிகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் சிநேகிதர்கள் கூடுவார்கள். அதில் முக்கியமானவர் ஓவசியர். ஊரில் ரோடு போடும் வேலைகளை மேற்பார்த்தவர், இங்கே மற்றவர்கள் பேச்சை மேற்பார்க்கிறார்.

"கோச்சியர், முகாமில இருந்தனீர், சரி. ஸ்டேசனுக்குப் போனனீர், அதுவும் சரி. உத்தியோகத்தில இருக்கிற வெள்ளைக்காரன், அகதியாப் போன உம்மோட பக்கத்தில இருந்து ஒவ்வொரு நாளும் தேத்தண்ணி குடிச்சவனே? உதை ஆர் ஐசே நம்புறது?"

"நம்பாட்டிப் பரவாயில்லை…"

"ஓம் ஓம், தேத்தண்ணி ஆறுது!" என்று எல்லோரும் கோரஸாக முடிப்போம்.

'டென்மார்க் கதை' என்பது எங்கள் வட்டாரத்தில் பழமொழியே ஆகிவிட்டது. கிரான்பர்னில் பாதி விலைக்கு வீடு வாங்கினேன் என்று எவராவது சொன்னால், "உது டென்மார்க் கதை" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவார்கள். இந்தப் பழமொழியைப் பரப்பியதில் என் பங்கு பெரியது. ஒரு பொங்கல் விழாவில் மேடையேறி, பெருக்குமாறு நுனியை ஒட்டி மீசை வைத்து, பச்சை டார்ச்சை உயர்த்தி, கோச்சியர் மாதிரியே நடித்தேன். மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் கோச்சியரும் சிரித்தார், கை தட்டினார். நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவ்வளவு விவரமானவன்.

போன வருடம் எங்கள் ஆலைக்கு டென்மார்க்கிலிருந்து பொடி அடைக்கும் மெஷின் ஒன்று வந்தது. வந்த ஒன்பதாம் நாள் நான் அதைப் பழுது பார்த்தேன். பத்தாம் நாளிலிருந்து அது ஓடவில்லை. உடைத்தவனையே பயிற்சிக்கு அனுப்பினால் மறுபடி உடைக்கமாட்டான் என்று மேனேஜருக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு டென்மார்க் டிக்கெட் வந்தது. ஆலை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏதோ ராஜா விருந்துக்குக் கூப்பிட்ட மாதிரி.

இரண்டு நாள் கழித்துக் கோச்சியர் ஃபோர்க்லிஃப்ட்டை என் பக்கத்தில் நிறுத்தினார். வாயால் ஊதவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த பழைய கடித உறை ஒன்றை எடுத்தார். முகாம் விலாசம் அச்சடித்த உறை. ஊர்ப் பெயர் அதில் இருந்தது. அந்தப் பெயரை என் நாக்கு இன்றுவரை சரியாகச் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

"தம்பி, நீர் போற இடத்தில இருந்து ரெண்டு மணித்தியாலமாம். ஒருக்கா அந்த ஸ்டேசனைப் போய்ப் பாரும்."

"ஆதாரம் வேணுமா அங்கிள்? ஓவசியர் வாயை அடைக்கவா?" என்றேன் உற்சாகமாக.

"ஓவசியர் கிடக்கிறார்." உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருசத்துக்கு மேல எல்லாரும் பொய் பொய் எண்டு சொல்லச் சொல்ல, இப்ப எனக்கே ஒரு ஐமிச்சம் வந்திட்டுது. இரவில யோசிச்சுப் பாக்கிறன். உண்மையா நடந்ததோ, இல்லாட்டி நான்தான் அந்தக் குளிருக்க இருந்து கண்ட கனவோ தெரியேல்லை. நீர் போய்ப் பாத்திட்டு வந்து உள்ளதைச் சொல்லும். இல்லையெண்டா இல்லை. எனக்காக ஒண்டும் கூட்டிச் சொல்லவேண்டாம்."

உறையின் பின்பக்கம் நாலு விஷயங்கள் எழுதியிருந்தார். ஹீட்டர் பக்கத்தில் மரவாங்கு (நம் ஊர் பெஞ்சு), அதன் அடியில் சுட்ட தழும்பு. கதவோரம் பித்தளை மணி. டிக்கெட் ஜன்னலுக்கு மேல் மரத்தில் செதுக்கிய மீன். கோபுரத்தில் மணிக்கூடு. நாலும் இருந்தால் கதை உண்மை. எனக்கு அப்போதுதான் அந்தப் பெருக்குமாறு மீசை ஞாபகத்துக்கு வந்தது. மேல் உதடு அரித்தது.

பயிற்சியின் நடுவில் வந்த சனிக்கிழமை அந்த ஊருக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கியதும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. திரும்பிப் பார்த்தேன். செங்கல் கட்டடம், குட்டிக் கோபுரம், அதில் மணிக்கூடு. 'ஆகா, ஒன்று!' என்று பிளாட்பாரத்திலேயே ஒரு குதி குதித்தேன். பக்கத்தில் நாயோடு நின்ற ஒருவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கழன்றது. நூறு வயதைத் தாண்டிய ஸ்டேஷன் என்று வாசலில் பலகை வைத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், ஆனால் காப்பாற்றும்போது உள்ளேயிருந்ததை எல்லாம் மாற்றிவிட்டார்கள். வெயிட்டிங் ஹால் இப்போது பாதி காபிக் கடை, பாதி கண்காட்சி. டிக்கெட்டை வெளியே ஒரு மெஷின் விற்கிறது. டிக்கெட் ஜன்னல் இருந்த இடத்தில் சுவர், அதன்முன் காபி மெஷின். மீன் இல்லை. மணி இருந்திருக்கக்கூடிய இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் இருந்தன. அந்த ஓட்டைகளைப் பதினொரு கோணத்தில் படம் எடுத்தேன்.

கண்காட்சிப் பகுதியில் கயிறு கட்டி ஒரு மரவாங்கு வைத்திருந்தார்கள். கயிற்றுக்குக் கீழே புகுந்து, வாங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தில் தழும்பு தேடினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மூச்சும் கேட்டது. பிளாட்பாரத்து நாய். அதுவும் உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்து, நான் பார்த்த திசையிலேயே பார்த்தது. வெளியே வர முயன்றபோது கயிறு காலில் மாட்டி, கயிற்றுக் கம்பம் சாய்ந்து, அந்தச் சத்தத்துக்குக் காபிக் கடையே எழுந்து நின்றது.

நீலக் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண்மணி குனிந்து எட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம், நரைத்த குட்டை முடி, நீளமான மூக்கு. அந்தக் கண்காட்சியைப் பார்த்துக்கொள்பவர்.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அடிப்பாகத்தைப் பரிசோதிக்கிறேன்" என்றேன். எந்த நாட்டிலும் இது நல்ல பதில் இல்லை.

அது இந்த ஸ்டேஷன் வாங்கே இல்லையாம், வேறு ஓர் ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்ததாம். இலங்கையிலிருந்து வந்த ஓர் ஆள், பச்சை விளக்கு, தொப்பி, நாலு பெட்டி ரயில் என்று என் ஆங்கிலத்தில் கதையைச் சொல்லிப் பார்த்தேன். அந்த வருடங்களில் வேறு நகரத்தில் நர்ஸ் வேலை பார்த்ததாகவும் தனக்கு எதுவும் தெரியாது என்றும் தலையசைத்தார். சுவரில் பழைய அதிகாரிகளின் படம் வரிசையாக மாட்டியிருந்தது. மீசைக்காரரைக் கண்டுபிடிக்கலாம் என்று ஓடினேன். ஆறு பேர். ஆறு பேருக்கும் மீசை.

முடிந்தது. நாலில் ஒன்று, அதுவும் மணிக்கூடு. மணிக்கூடு இல்லாத ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று ஓவசியர் ஒரே கேள்வியில் அதையும் பிடுங்கிவிடுவார். அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்மணிக்கே பாவமாகிவிட்டது, உட்காரச் சொல்லிப் பால் ஊற்றாத டீ கொண்டுவந்தார், தனக்கும் ஒன்று. அப்புறம் சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து, கப்பில் போடாமல், தன் இடது உள்ளங்கையில் கொட்டினார். ஒரு நக்கு, ஒரு மடக்கு டீ. மறுபடி ஒரு நக்கு, ஒரு மடக்கு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீடியோ எடுக்கலாமா என்று கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். "எங்கள் வீட்டில் இப்படித்தான். அப்பா இந்த ஸ்டேஷனில்தான் வேலை பார்த்தார். அவரிடமிருந்து எங்களுக்கெல்லாம் வந்த பழக்கம்" என்றார்.

கரூரில் டீ என்றால் பாலும் சர்க்கரையும் டீத்தூளும் ஒன்றாகக் கொதித்து, கடைக்காரர் ஒரு மீட்டர் உயரத்தில் ஆற்றித் தருவது. நான் அறிந்த உலகம் அவ்வளவுதான். 'சரி, டென்மார்க்காரர்கள் இப்படித்தான் டீ குடிப்பார்கள் போலிருக்கிறது' என்று முடிவு கட்டினேன். மரியாதைக்கு நானும் உள்ளங்கையில் கொட்டி நக்கினேன்.

அதோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை பயிற்சி மையத்தில், ஆறு டேனிஷ் இன்ஜினியர்களுக்கு நடுவில், சர்க்கரையைக் கையில் கொட்டி, "உங்கள் பழக்கவழக்கமெல்லாம் எனக்குத் தெரியும்" என்ற தோரணையில் சத்தம் வர நக்கினேன். ஒருவர் மெதுவாக ஒரு டிஷ்யூவை என் பக்கம் நகர்த்தினார். செவ்வாய்க்கிழமை மேசையில் சர்க்கரைக் கிண்ணம் இல்லை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொட்டலம் வைத்திருந்தார்கள். என்னை விருந்தாளியாக மதித்து ஏற்பாட்டை உயர்த்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மெல்பர்னுக்குத் திரும்பும் விமானத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பித்தளை மணி இருந்தது என்று ஒரு சின்னப் பொய் சொன்னால் என்ன? மனிதர் நிம்மதியாகத் தூங்குவாரே? ஆனால் கூட்டிச் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தார். தவிர, பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மெஷினை உடைத்த அன்றே மேனேஜர் என் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

ஞாயிறு பின்னேரம் கராஜில் எல்லாக் கதிரையும் நிரம்பியிருந்தது. அன்ரி தட்டில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தார். கோச்சியர் தன் வழக்கமான மூலையில், கப்பை வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைத் தொடைமேல் விரித்து வைத்திருந்தார். அன்றைக்கு என்னால் அதைப் பார்த்து ஜோக்கடிக்க முடியவில்லை.

"சொல்லும் தம்பி" என்றார்.

"வாங்கு… இல்லை அங்கிள்."

தலையாட்டினார்.

"மணியும் இல்லை. ரெண்டு ஓட்டை இருக்கு. மீன் இல்லை. அங்க இப்ப காபி மெஷின் இருக்கு."

"மணிக்கூடு?"

"அது இருக்கு."

"மணிக்கூடு இல்லாத ஸ்டேசன்…" என்று ஆரம்பித்த ஓவசியர் கோச்சியரின் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கோச்சியர் கப்பைக் கீழே வைத்தார். "சரி. அப்ப அது கனவுதான். சின்ன வயசில தனிய இருந்தா மனுசனுக்கு ஒரு ஆள் வேண்டியிருக்கும்தானே. நானே அந்த மனுசனை உண்டாக்கிப்போட்டன் போல. ஓவசியர், இனி உந்தக் கதையை நான் சொல்லமாட்டன். நீரும் கேக்கவேண்டாம்."

வாரம் தவறாமல் நாங்கள் கேலி செய்த கதை. நிறுத்திவிட்டேன் என்று அவர் சொன்னதும் கராஜில் ஒருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அமைதி என்றால் எனக்கு ஆகாது, ஏதாவது உளறியாக வேண்டும்.

"அதை விடுங்க அங்கிள். அந்த ஊர்க்காரங்க டீ குடிக்கிற லட்சணத்தைப் பாத்தா நீங்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பீங்க!" என்று போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு ஓவசியரிடம் நீட்டினேன். "சர்க்கரையைக் கையில கொட்டி, குழந்தை மாதிரி நக்கி நக்கிக் குடிக்கறாங்க. நானும் அதே மாதிரி குடிச்சேன், தெரியுமா? நம்ம ஊர்ல செஞ்சா முதுகுல ரெண்டு போடுவாங்க!"

யாரும் சிரிக்கவில்லை. ஓவசியர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். வீடியோவைத் திரும்பப் போட்டார். பக்கத்திலிருந்தவர் எட்டிப் பார்த்தார், அவருக்குப் பக்கத்திலிருந்தவரும். அன்ரி தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து ஓவசியரின் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"தம்பி," என்றார் ஓவசியர், குரலைத் தாழ்த்தி. "உவ ஆர்?"

"அந்த ஸ்டேஷன் கண்காட்சியைப் பாத்துக்கறவங்க. அவங்க அப்பா அங்க வேலை செஞ்சாராம். அவர்கிட்ட இருந்து வந்த பழக்கமாம். டென்மார்க்ல எல்லாரும் அப்படித்தானே…"

"டென்மார்க்கில ஒருத்தரும் அப்பிடிக் குடிக்கிறேல்லை ஐசே. என்ர மச்சாள் அங்க இருவத்தஞ்சு வருசம். அவையள் கோப்பிதான் குடிக்கிறது. உது நாங்கள் குடிக்கிற குடி. யாழ்ப்பாணத்தில சீனி தட்டுப்பாடான காலத்தில, கப்புக்க போட்டாக் காணாது எண்டு உள்ளங்கையில வைச்சு நக்கி வெறுந்தேத்தண்ணி குடிச்சு வளந்தனாங்கள். என்ர அப்பர் சாகுமட்டும் அப்பிடித்தான் குடிச்சவர்."

"இவரும்தான்," என்றார் அன்ரி. "சீனி வருத்தம் வருமட்டும்."

நான் மெதுவாகத் திரும்பிக் கோச்சியரின் தொடைமேல் விரிந்துகிடந்த அந்த இடது கையைப் பார்த்தேன். நாலு வருடம். வாரத்துக்கு ஐந்து நாள். சில்லறை போடுவார்களா என்று கேட்டேனே, அந்தக் கை.

ஓவசியர் எழுந்தார். அவர் எழுந்து போய் யாருக்கும் எதுவும் கொடுத்து நான் பார்த்ததில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய்க் கோச்சியரின் மடியில் வைத்தார்.

கோச்சியர் பார்த்தார். அந்தப் பெண்மணி ஒரு நக்கு நக்கி, ஒரு மடக்குக் குடித்து, போனைப் பார்த்துச் சிரித்தார். வீடியோ முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. நாலைந்து தரம் ஓடவிட்டுவிட்டார்.

"மூக்கு," என்றார் கடைசியில். "அவற்ற மூக்கு. மீசைக்கு மேல இருந்த அதே மூக்கு." கொஞ்சம் பொறுத்து, "முதல் நாள் அந்தாளுக்கு நக்கத் தெரியேல்லை. மீசையெல்லாம் சீனி. நான்தான் காட்டிக் குடுத்தனான்."

ஓவசியர் தொண்டையைச் செருமினார். "அப்ப கோச்சியர்… அந்த ரெயினையும் நீர்தான் விட்டனீரோ?"

"நம்பாட்டிப் பரவாயில்லை," என்றார் கோச்சியர். மிச்சத்தை அன்று ஒருவரும் கோரஸாகச் சொல்லவில்லை, அவரேதான் சொல்லி முடித்தார். "தேத்தண்ணி ஆறுது."

அன்ரி குசினிக்குப் போனார். அலுமாரி மேல்தட்டில் மாவு டின்னுக்குப் பின்னால் பதினொரு வருடமாக ஒளித்து வைத்திருந்த சீனிப் போத்தலோடு திரும்பி வந்தார். "ஒருக்காத்தான், சொல்லிப்போட்டன்" என்று கோச்சியரின் உள்ளங்கையில் அரைக் கரண்டி கொட்டினார்.

கோச்சியர் அதை நக்கவில்லை. என் இடது கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விரித்து, பாதியை அதில் கொட்டினார்.